இருபது வரை எண்ணுகிறவள்

அத்தியாயம் 14

ஆஸ்பத்திரிக்குப் போவதற்கென்று ஒரு மனிதர் புதுச்சட்டை தைத்துப் போட்டுக்கொண்டால் என்ன சொல்வது? தையல் மாஸ்டரின் மகள் தலையில் அடித்துக்கொண்டாள்.

"அப்பா, அங்க போனதும் இதைக் கழட்டிட்டு அவங்க கவுனைத்தான் குடுப்பாங்க. யார் பார்க்கப் போறாங்க?"

"கழட்டற வரைக்கும் பார்ப்பாங்க இல்ல?"

வெள்ளைச் சட்டை. காலர் விறைப்பாக நின்றது. மேல் பொத்தானையும் போட்டுக்கொண்டு கண்ணாடி முன்னால் ஒரு முறை திரும்பிப் பார்த்தார். எடை நூற்று இருபத்தெட்டு கிலோ. ஆனால் அவர் கையால் தைத்த சட்டைக்குள் அந்த எடை பாரமாகத் தெரியாது, கம்பீரமாகத் தெரியும். முப்பத்தெட்டு வருடமாக ஊரில் பாதிப் பேரின் தொப்பையை மறைத்த கை அது. சொந்தத் தொப்பையை விட்டுவிடுமா?

இரண்டு மாதமாகவே படியேறினால் அவருக்குக் கண் இருட்டிக்கொண்டு வருகிறது. ரத்தம் குறைந்துகொண்டே போகிறது. வயிற்றுக்குள் எங்கோ கசிகிறது, குழாய் விட்டுப் பார்த்தால்தான் தெரியும் என்றார்கள். போன மாதம் தொண்டையை மரத்துப்போக வைத்து, விழித்திருக்கும்போதே எண்டோஸ்கோபி செய்யப் பார்த்தார்கள். பாதிக் குழாய் உள்ளே போனதும் மாஸ்டர் அதைக் கையால் பிடித்து இழுத்துப் போட்டுவிட்டு எழுந்து வந்ததுதான் மிச்சம். இன்றைக்கு மயக்கம் கொடுத்துச் செய்யப் போகிறார்கள். இதற்கு மேல் தள்ளிப்போட முடியாது. நேற்று மாலை கடையில் வெட்டு மேஜையைப் பிடித்துக்கொண்டு அரை நிமிடம் நின்றதை மகள் பார்த்துவிட்டாள்.

வாசலில் இரண்டு ஜோடிச் செருப்புகள் இருந்தன. ஒன்று அவருடையது. மற்றது பெண்கள் போடுவது, பழுப்புத் தோல், இடது குதிகால் தேய்ந்தது. மாஸ்டர் சட்டைப் பையிலிருந்து கைக்குட்டையை எடுத்து, சிரமப்பட்டுக் குனிந்து, அந்த இரண்டாவது ஜோடியின் மேலிருந்த தூசியைத் துடைத்தார். பிறகுதான் தன் செருப்பை மாட்டிக்கொண்டார்.

மகள் தெருவைப் பார்த்துக்கொண்டு நின்றாள். மூன்று வருடமாக இதைப் பார்க்காத மாதிரி இருந்து பழகிவிட்டாள்.

நாலு வருடத்துக்கு முன்னால் மாஸ்டரின் மகன், சின்னவன், தன் விருப்பப்படி ஒரு பெண்ணைக் கல்யாணம் செய்துகொண்டான். அதைக்கூட மாஸ்டர் ஒருவேளை பொறுத்துக்கொண்டிருப்பார். கல்யாணப் படத்தை யாரோ கொண்டுவந்து காட்டினார்கள். அதில் அவன் போட்டிருந்தது கடையில் வாங்கிய ரெடிமேட் சட்டை. தோள் ஒரு இன்ச் கீழே இறங்கிக் கிடந்தது. ஊரில் எத்தனையோ மாப்பிள்ளைகளுக்குக் கல்யாணச் சட்டை தைத்தவரின் மகன்! அன்றைக்குச் சொன்னார்: இந்த வீட்டிலிருந்து யாரும் அவன் வாசலை மிதிக்கக் கூடாது, அவனும் இங்கே மிதிக்கக் கூடாது.

சின்னவனுக்குக் குழந்தை பிறந்த செய்தி வந்த நாளில் அவருடைய மனைவி பையை எடுத்துக்கொண்டு கிளம்பினாள். "போனா அங்கேயே இரு" என்றார். கோபத்தில் சொன்னது. அவள் அதை அப்படியே எடுத்துக்கொண்டாள். நாலு மணி நேரப் பயணத் தூரத்தில் இருக்கிறாள். அவரும் கூப்பிடவில்லை, அவளும் வரவில்லை. சொன்ன சொல்லைத் திரும்ப எடுத்துக்கொள்ளும் ரகமில்லை இரண்டு பேரும்.

வெளியே கேட்பவர்களுக்கு, "பேரக் குழந்தையைப் பார்த்துக்கப் போயிருக்கா, வந்துடுவா" என்பதுதான் பதில். வாசலில் செருப்பு இருக்கிறது. படுக்கையறையில் அவளுடைய கட்டில் இருக்கிறது. அதன் மேல் துணிக்கட்டுகளை அடுக்கி வைத்திருக்கிறார், வெறும் கட்டிலாகக் கண்ணில் படக் கூடாதென்று. ஒரு வீட்டுக்குள் நடப்பது வாசலைத் தாண்டக் கூடாது என்று இருப்பவர்களைப் பார்த்து இந்தக் காலம் சிரிக்கிறது. சிரிக்கட்டும். அந்தச் செருப்பைத் துடைக்கிற மனிதரைப் பார்த்து யாரும் சிரித்துவிட முடியாது.

*

எண்டோஸ்கோபி அறைக்கு வெளியே நீளமான பெஞ்ச். சட்டை போய், பின்னால் நாடா கட்டிய பச்சைக் கவுன் வந்துவிட்டது. இருந்ததிலேயே பெரிய கவுன். அதுவும் பின்னால் சேரவில்லை.

"தோள்ல வெட்டே சரியில்ல. யார் தைச்சது இதை?" என்றார் மாஸ்டர்.

"அப்பா, சும்மா இருங்க."

மகள் அவருடைய சட்டையை மடித்து மடியில் வைத்துக்கொண்டு அருகில் உட்கார்ந்திருந்தாள். அவளுக்கு முப்பத்து நாலு வயது, கல்யாணமாகி அடுத்த தெருவில் இருக்கிறாள். இன்றைக்கும் அவருக்கு அவள் பாப்பாதான்.

நர்ஸ் ஒரு தாளை வைத்துக்கொண்டு வரிசையாகக் கேட்டாள். ரத்த அழுத்தம் உண்டா? உண்டு. சர்க்கரை? கொஞ்சம். பகலில் உட்கார்ந்தபடியே தூங்கிவிடுகிறாரா?

"கத்திரியைக் கையில வச்சுக்கிட்டே தூங்குவார்" என்றாள் மகள்.

"கண்ணை மூடி யோசிக்கறதுக்குப் பேர் தூக்கமா?"

"குறட்டை விடுவீங்களா?"

"ஆம்பளைன்னா கொஞ்சம் விடத்தான் செய்வான்."

நர்ஸ் சிரிக்காமல் எழுதினாள். "தூங்கும்போது மூச்சு நின்னு நின்னு வருதுன்னு யாராவது சொல்லியிருக்காங்களா?"

மாஸ்டர் கவுனின் நாடாவைச் சரிசெய்தார்.

"இல்ல."

"உங்க ரூம்ல, பக்கத்துல யார் படுக்கறாங்க?"

அந்தக் கேள்வியை அவர் எதிர்பார்க்கவில்லை. பக்கத்து பெஞ்சில் அவருடைய பழைய வாடிக்கைக்காரர் ஒருவர் வேறு, கையில் சீட்டோடு இந்தப் பக்கமே காதை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"என் மனைவி" என்றார் மாஸ்டர், கொஞ்சம் சத்தமாகவே.

"அவங்க எதுவும் சொன்னதில்லையா?"

"சொன்னதில்ல."

நர்ஸ் ‘இல்லை’ என்ற கட்டத்தில் ஒரு டிக் போட்டுவிட்டு நகர்ந்தாள். மகள் மடியிலிருந்த சட்டையின் காலரை விரலால் நீவிக்கொண்டே இருந்தாள். அப்பாவின் முகத்தைப் பார்க்கவில்லை.

*

மயக்க மருந்து டாக்டர் ஒல்லியான பெண்மணி. மாஸ்டரின் தோள் உயரம்கூட இல்லை. தாளைப் படித்தார், அவரைப் பார்த்தார், மறுபடி தாளைப் படித்தார். பிறகு கோட்டுப் பையிலிருந்து ஒரு டேப்பை எடுத்தார்.

மாஸ்டருக்கு ஒரு நிமிடம் ஒன்றும் புரியவில்லை. அவர் கழுத்தை அளக்க ஒருத்தி டேப்பை எடுக்கிறாள்!

"இவ்வளவு இறுக்கிப் பிடிக்கக் கூடாது டாக்டர். ரெண்டு விரல் இடம் விடணும்."

"அது சட்டைக்கு, மாஸ்டர். இது மூச்சுக்கு." டேப்பைப் படித்தார். "நாப்பத்தாறரை சென்டிமீட்டர்."

"பதினெட்டே கால் இன்ச்" என்றார் மாஸ்டர், தொழில் பழக்கத்தில்.

"இவ்வளவு கழுத்து இருக்கறவருக்குத் தூக்கத்துல மூச்சு நிக்கறதே இல்லைன்னு தாள் சொல்லுது." டாக்டர் ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு எதிரில் உட்கார்ந்தார். "எதுக்குத் திரும்பத் திரும்பக் கேக்கறோம்னு சொல்றேன். மயக்க மருந்து குடுத்தா தொண்டைச் சதை தளர்ந்து உள்ள சரியும். கனமான உடம்புல அது சீக்கிரமே வழியை அடைச்சுடும். படுத்தா வயிறு மேல தள்ளும், நுரையீரலுக்கு இடம் குறையும். உள்ள சேத்து வச்ச ஆக்சிஜன் சட்டுனு தீர்ந்துடும்."

"இடுப்புல துணி கூடிப் போய் நெஞ்சுல பத்தாத மாதிரி."

"அதேதான்." டாக்டர் முதல் முறையாகச் சிரித்தார். "அதுக்கெல்லாம் வழி இருக்கு. ஆனா உங்களுக்கு எவ்வளவு நேரம் நிக்குது, எப்படிப் படுத்தா நிக்குது, என்ன பண்ணா திரும்ப வருதுன்னு தெரிஞ்சா, நான் அதுக்குத் தகுந்த மாதிரி தயாரா இருக்கலாம். அதைத் தூங்கறவர் சொல்ல முடியாது. பக்கத்துல முழிச்சிருந்தவங்கதான் சொல்லணும். உங்க வீட்டம்மாவை ஒரு ரெண்டு நிமிஷம் போன்ல பேசச் சொல்லுங்க."

"அவ வேலையா இருப்பா."

"ரெண்டு நிமிஷம்தான் கேட்டேன்."

"நான்தான் சொல்றேனே டாக்டர், எனக்கு ஒண்ணும் நிக்கறதில்ல. கையெழுத்துப் போடணும்னா போட்டுடறேன்."

"நீங்க கையெழுத்துப் போடலாம். நான் போடணும் இல்ல?" டாக்டர் பேனாவை மூடினார். "தெரியாம நான் தூங்க வைக்க மாட்டேன். தூக்கப் பரிசோதனைக்கு எழுதித் தரேன். அதை முடிச்சுட்டு மூணு வாரம் கழிச்சு வாங்க. அதுவரைக்கும் ரத்தம் தாங்குமான்னு உங்க வயித்து டாக்டரைக் கேட்டுக்கங்க."

மூன்று வாரம். மகளுக்கு நேற்றைய வெட்டு மேஜை கண் முன்னால் வந்தது. அவள் எழுந்தாள். செல்போனை எடுத்தாள்.

"பாப்பா" என்றார் மாஸ்டர். அதட்டல்தான். ஆனால் அதில் வழக்கமான பலம் இல்லை.

"நீங்க அப்புறமா எவ்வளவு வேணா திட்டுங்கப்பா. திட்டறதுக்கு இருந்தாப் போதும்."

போனை ஸ்பீக்கரில் போட்டு டாக்டரின் முன்னால் நீட்டினாள். மணி மூன்று முறை அடித்தது. மாஸ்டர் எதிர்ச் சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். முதுகு நேராக இருந்தது. கைகள் மட்டும் முழங்காலை இறுக்கிப் பிடித்திருந்தன.

"சொல்லு பாப்பா. உள்ள கூட்டிட்டுப் போய்ட்டாங்களா?"

மூன்று வருடம். அந்தக் குரல் கொஞ்சம் கம்மியிருந்தது, அவ்வளவுதான் வித்தியாசம். ‘பாப்பா’ என்பதன் கடைசியில் சின்னதாக ஓர் இழுப்பு. பொத்தான் துளைக்குக் காஜா எடுத்துக்கொண்டே, பல்லில் நூலைக் கடித்துக்கொண்டே அவள் கடையின் பின்கட்டிலிருந்து கூப்பிடுகிற அதே இழுப்பு. மாஸ்டருக்குத் தொண்டை மரத்துப்போனது, மருந்து தெளிக்காமலேயே.

டாக்டர் தன்னை யாரென்று சொன்னார். விஷயத்தைச் சொன்னார். "அவருக்குத் தூக்கத்துல மூச்சு நிக்குமாம்மா?"

எதிர்முனையில் தயக்கமே இல்லை.

"நிக்கும் டாக்டர். மல்லாக்கப் படுத்தா நிச்சயம் நிக்கும். நல்லா குறட்டை விட்டுக்கிட்டே இருப்பாரு, டக்குனு சத்தம் அடங்கிடும். சத்தம் இருக்கற வரைக்கும் எனக்குப் பயமில்ல, அடங்கினாத்தான் நான் முழிச்சுக்குவேன். முழிச்சு எண்ணுவேன்."

"எண்ணுவீங்களா?"

"ஒண்ணு, ரெண்டுன்னு எண்ணுவேன். பதினெட்டு, பத்தொன்பதுல பெரிய மூச்சா இழுத்துடுவாரு. இருபது வரைக்கும்தான் பார்ப்பேன். வரலைன்னா தோள்ல தட்டி இடது பக்கமாத் திருப்பிப் படுக்க வைப்பேன். தாடையைக் கொஞ்சம் மேல தூக்கிப் பிடிச்சா உடனே வந்துடும். பாதி நாள் தாடையைப் பிடிச்சுக்கிட்டேதான் தூங்குவேன்."

மாஸ்டர் தன் தாடையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். முப்பத்து மூன்று வருடம் இப்படி ஒரு கை அங்கே இருந்திருக்கிறது. அவருக்குத் தெரியாது. காலையில் எழுந்ததும், "ராத்திரி நல்லாத் தூங்கினீங்களா?" என்று மட்டும்தான் கேட்பாள்.

"இவருக்குத் தெரியுமா இது?"

"சொன்னதில்ல. சொன்னா தூங்க மாட்டாரு, கௌரவம் பார்ப்பாரு."

டாக்டர் வேகமாக எழுதினார். "ரொம்ப நல்லாச் சொன்னீங்கம்மா. கடைசியா எப்பப் பார்த்தீங்க இந்த மாதிரி?"

இப்போது எதிர்முனையில் ஒரு இடைவெளி. மிகச் சின்ன இடைவெளி.

"போன வாரம்" என்றாள் அவள். "நான் இங்க வந்து நாலஞ்சு நாள்தான் ஆகுது."

மகள் கண்ணை மூடிக்கொண்டாள்.

மாஸ்டர் நர்ஸிடம் என்ன சொன்னார் என்பது அவளுக்குத் தெரியாது. யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. அவர் எதை மறைத்தாரோ அதையே அவளும் மறைத்தாள். போகச் சொன்ன மனிதனின் மானத்தை, போன இடத்தில் இருந்துகொண்டு காப்பாற்றுகிறாள்.

"அப்ப சரி" என்றார் டாக்டர். "போன வாரம், இருபது எண்ணறதுக்குள்ள தானாவே வருது. இடது பக்கம், தாடை. மோசமில்ல. இங்கேயே பண்ணிடலாம்." தாளில் எழுதத் தொடங்கினார்.

மாஸ்டரின் கடையில் ஒரு சட்டம் உண்டு. பழைய அளவுக்குக் கத்திரி வைக்கக் கூடாது. போன மாதம் அளவு கொடுத்தவராகவே இருக்கட்டும், இன்றைக்கு மறுபடியும் டேப் போட்டுத்தான் துணியைத் தொட வேண்டும். இந்தச் சட்டத்தை மீறிய ஒரு கட்டரை, அவன் எத்தனை கெட்டிக்காரனாக இருந்தும், மறுநாளே கணக்கு முடித்து அனுப்பியிருக்கிறார். இப்போது அவர் கண் முன்னாலேயே பழைய அளவு ஒன்று தாளில் ஏறிக்கொண்டிருந்தது.

பக்கத்து பெஞ்சில் பழைய வாடிக்கைக்காரர் இன்னும் உட்கார்ந்திருந்தார்.

"டாக்டர். எழுதாதீங்க."

டாக்டர் நிமிர்ந்தார்.

"அந்த அளவு பழசு." மாஸ்டர் பெஞ்சிலிருந்து எழுந்து நின்றார். உட்கார்ந்துகொண்டு சொல்லக்கூடிய விஷயமாக அவருக்கு அது தோன்றவில்லை. "அவ பார்த்து மூணு வருஷம் ஆச்சு. மூணு வருஷமா நான் தனியாத்தான் படுக்கறேன். போன்னு சொன்னது நான். அப்ப எனக்குக் கழுத்து பதினாறரை இன்ச். இப்ப பதினெட்டே கால். இந்த மூணு வருஷத்துல எவ்வளவு நேரம் நிக்குதுன்னு எண்ண யாரும் இல்ல."

வாடிக்கைக்காரர் தன் கையிலிருந்த சீட்டை மிகுந்த அக்கறையோடு படிக்கத் தொடங்கினார்.

டாக்டர் ஆறுதல் எதுவும் சொல்லவில்லை. அதற்காக மாஸ்டர் அவரை மதித்தார். எழுதியதைக் குறுக்கே அடித்துவிட்டு, "எத்தனை கிலோ ஏறியிருப்பீங்க?" என்றார்.

"இருபது இருக்கும்."

"டாக்டரம்மா" என்றது போன். அவள் இன்னும் இணைப்பில்தான் இருந்தாள், எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு. குரல் உடைந்திருந்தது, ஆனால் வார்த்தை தெளிவாக இருந்தது. "அப்ப இருபதுன்னு எழுதாதீங்க. அதுக்கு மேலேயே இருக்கும். தட்டினாத்தான் வரும்னு எழுதிக்கங்க. தலைக்கு ஒரு தலையணை அவருக்குப் பத்தாது. உசரமா வைங்க. கேட்க மாட்டாரு."

"உசரமாத்தான் வைக்கப் போறேன்மா."

*

அறையை மாற்றினார்கள். பக்கத்திலிருந்த பெரிய அறை. கட்டிலின் தலைப்பக்கம் சரிவாக உயர்ந்திருந்தது. அதன் மேல் விரிப்புகளை மடித்து அடுக்கி, காதும் நெஞ்செலும்பும் ஒரே மட்டத்தில் வரும்படி டாக்டரே குனிந்து பார்த்துச் சரிசெய்தார். தோளுக்குத் துணி வைத்து மட்டம் பார்க்கிற மாதிரி இருந்தது. இடது பக்கமாக ஒருக்களித்துப் படுக்கச் சொன்னார்கள்.

மூக்கில் அகலமான குழாய் வந்தது. அதிலிருந்து வெதுவெதுப்பான, ஈரமான காற்று வேகமாக உள்ளே போனது. அந்த அறை முழுக்க அது இரையும் சத்தம்.

"அஞ்சு நிமிஷம் இதை நல்லா இழுங்க. தூங்கறதுக்கு முன்னாடியே நிரப்பி வச்சுக்கறோம்" என்றார் டாக்டர். "விரல்ல மாட்டியிருக்கறது ஆக்சிஜன் குறைஞ்ச அப்புறம்தான் சொல்லும். அதை மட்டும் நம்பி நான் இருக்க மாட்டேன். இதோ, இந்தத் திரையில ஓடற அலை, இது உங்க மூச்சு. ஒவ்வொரு மூச்சுக்கும் ஒரு மேடு. மேடு வரலைன்னா அந்த நிமிஷமே எங்களுக்குத் தெரிஞ்சுடும்."

"எண்ண வேண்டாம்."

"அது எண்ணிக்கும். சிஸ்டர் உங்க தாடை பக்கத்துலயே நிப்பாங்க, வேற வேலை எதுவும் அவங்களுக்குக் கிடையாது. அதுக்கும் மேல வேணும்னா மாஸ்க் கையிலயே இருக்கு. மருந்தைக் கொஞ்சம் கொஞ்சமாத்தான் விடுவேன்."

பால் போல் வெள்ளையான மருந்து ஊசிக் குழாயில் இருந்தது. பல்லுக்கு நடுவில் பிளாஸ்டிக் வளையம் ஒன்றை வைத்தார்கள். கையில் லேசாக எரிந்தது.

தாடைக்குக் கீழே இரண்டு விரல்கள் வந்து அமர்ந்தன. நர்ஸின் விரல்கள் என்று அவருக்குத் தெரியும். தெரிந்தும், மாஸ்டர் அவற்றின் மேல் தன் முகத்தின் கனத்தை மெல்ல இறக்கிவைத்தார். ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணப் பார்த்தார். நாலைத் தாண்டவில்லை.

*

"அப்பா. அப்பா, முடிஞ்சிடுச்சு."

கண்ணைத் திறந்தபோது ஜன்னலில் வெயில் நன்றாக ஏறியிருந்தது. தலை உயரமாகவே இருந்தது. இடது பக்கமாகவே படுத்திருந்தார். மகள் பக்கத்தில் நின்றாள். கண் சிவந்திருந்தது. ஆனால் சிரித்தாள்.

டாக்டர் வந்து திரையைப் பார்த்தார். "ஒரு தடவை நின்னுது மாஸ்டர். அலை தட்டையாச்சு. சிஸ்டர் தாடையைத் தூக்கினாங்க, வந்துடுச்சு. ஆக்சிஜன் தொண்ணூத்தஞ்சுக்குக் கீழ இறங்கவே இல்ல. உங்க வீட்டம்மா சொன்னபடிதான் எல்லாமே."

"வயித்துல?"

"புண் ஒண்ணு இருந்துது, அதுலேர்ந்துதான் கசிஞ்சிருக்கு. கிளிப் போட்டு நிறுத்தியாச்சு. ஓரத்துலேர்ந்து துணுக்கு எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பியிருக்காங்க. அது வர ஒரு வாரம் ஆகும். வரட்டும், பார்க்கலாம்." அந்தக் கடைசி வார்த்தையைக் கொஞ்சம் சீக்கிரமாகவே சொல்லிவிட்டு, மகளின் பக்கம் திரும்பினார். "இன்னைக்கு ராத்திரி இவர் தனியாப் படுக்கக் கூடாது. ஒரே ரூம்ல, பக்கத்துல, சத்தம் அடங்கினா எழுந்திருக்கற ஆள் வேணும்."

"நான் படுத்துக்கறேன் டாக்டர்."

டாக்டர் போன பிறகு மகள் கையிலிருந்த செல்போனைப் பார்த்தாள். அப்பாவைப் பார்த்தாள்.

"அம்மா வைக்கவே இல்லப்பா. இவ்வளவு நேரமும் லைன்லயேதான் இருக்காங்க. நடுவுல ஒரு வார்த்தை பேசல. அந்த மெஷின் இரையற சத்தம் கதவு வழியா வெளியில கேட்டுது. அதையே கேட்டுக்கிட்டு இருந்தாங்க."

போனைக் கையில் வைத்துவிட்டு ஒரு எட்டு தள்ளி நின்றாள்.

மாஸ்டர் அதைக் காதில் வைத்தார். முப்பத்து மூன்று வருடமாக அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. ‘இந்தா’ என்பார். இப்போது அதுவும் வரவில்லை.

"முழிச்சாச்சா?" என்றாள்.

"ம்."

"தொண்டை வலிக்குதா?"

"லேசா."

"மத்தவங்க முன்னாடி எதுக்கு அப்படிச் சொன்னீங்க? நான்தான் சரியாச் சொல்லிட்டேன் இல்ல?"

"தப்பான அளவு."

அந்தப் பக்கம் சிரிப்பா அழுகையா என்று தெரியாத ஒரு சத்தம். பிறகு அவளுடைய மூச்சு அவருக்குக் கேட்டது. எத்தனை வருடம் பக்கத்தில் படுத்திருந்தும் அதை அவர் கேட்டதேயில்லை. அவருடைய குறட்டை எப்போது அதற்கு இடம் கொடுத்தது?

"பாப்பாவுக்குப் படுத்தா எழுந்திருக்கத் தெரியாது" என்றாள் அவள். "கும்பகர்ணத் தூக்கம். அவளை நம்பி நான் இங்க படுக்க முடியாது. நான் வரேன்."

மாஸ்டர் கண்ணை இறுக்கி மூடினார்.

"ஆனா தனியா வர மாட்டேன். போனவ எப்படித் திரும்பி வர்றதுன்னு எனக்கும் ஒரு மரியாதை இருக்கு. என் பையனோட வருவேன். என் மருமகளோட, குழந்தையோட வருவேன். வாசல்ல நிக்க வச்சுப் பேசறதா இருந்தா இப்பவே சொல்லிடுங்க."

மாஸ்டர் வாயைத் திறந்தார். சத்தம் வரவில்லை. தோள் ஒரு இன்ச் இறங்கிய அந்தச் சட்டை கண் முன்னால் வந்து நின்றது. சொன்ன சொல் நின்றது. மூன்று வருடமாக எல்லோரிடமும் காப்பாற்றி வைத்த மானம் வந்து நெஞ்சின் மேல் உட்கார்ந்துகொண்டது.

போனில் அவள் பொறுத்துப் பார்த்தாள். பிறகு, மிக மெதுவாக, பழகிய குரலில் தொடங்கினாள்.

"ஒண்ணு… ரெண்டு… மூணு…"

அவருக்குப் புரிந்தது.

"…ஒன்பது… பத்து…"

மகள் ஒன்றும் தெரியாமல் அப்பாவின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஜன்னலுக்கு வெளியே யாரோ ஸ்ட்ரெச்சரை உருட்டிக்கொண்டு போனார்கள்.

"…பதினாறு… பதினேழு… பதினெட்டு…"

மாஸ்டர் நெஞ்சு நிறைய ஒரு மூச்சை இழுத்தார். போனைக் காதிலிருந்து எடுக்காமலே மகளிடம் சொன்னார்:

"பாப்பா, வீட்டுக்குப் போனதும் அம்மா கட்டில் மேல இருக்கற துணிக்கட்டையெல்லாம் இறக்கிடு. கூடத்துலயும் மூணு பேர் படுக்கற மாதிரி இடம் பண்ணு."

எண்ணிக்கை நின்றது.

மகள் கையிலிருந்து நழுவப் பார்த்த வெள்ளைச் சட்டையை அள்ளி முகத்தில் அழுத்திக்கொண்டாள். இஸ்திரி கசங்குகிறது என்று மாஸ்டர் சொல்லவில்லை.

எதிர்முனையில் போன் கை மாறுகிற சத்தம் கேட்டது. யாரோ யாரிடமோ, "இந்தா, பேசு" என்றார்கள். பிறகு ஒன்றுமில்லை. யாரோ போனைக் காதில் வைத்திருக்கிறார்கள் என்பது மட்டும் தெரிந்தது. கனமான, தயங்குகிற மூச்சு. மூன்று வயதில் காய்ச்சலோடு அவர் நெஞ்சின் மேல் படுத்திருந்தவனின் மூச்சு.

‘அப்பா’ என்று ஒரு வார்த்தை வருமா, இல்லை அவனும் தன்னைப் போலவே விறைத்துக்கொண்டு நிற்பானா?

மாஸ்டர் போனை இன்னும் கொஞ்சம் அழுத்திப் பிடித்துக்கொண்டார். இந்த முறை அவர் எண்ணத் தொடங்கினார்.

ஒன்று. இரண்டு. மூன்று.